இலைக்கு இரண்டு சதம்

போன மாதம் என் மகள் வீட்டார் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு என்னை அழைத்துப் போனார்கள். சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் ஒரு தோல் அட்டைக்குள் வைத்துச் சீட்டைக் கொண்டுவந்தார்கள். மருமகன் அதைப் பார்த்துவிட்டு மகளிடம் நீட்டினார். அவள் என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிப் பார்த்தேன். சாப்பிட்டவை எட்டு வரி. அதற்குக் கீழே சேவைக்கு ஒன்று, மீதியைக் கட்டித்தந்த பெட்டிக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, என்னவென்று விளங்காத இன்னொன்று. மருமகன் நல்ல சம்பளக்காரர். மேலே இருந்த எட்டு வரி அவரை ஒன்றும் செய்யவில்லை. கீழே இருந்த நான்கு வரிதான் அவர் முகத்தைச் சுண்ட வைத்தது. வீடு வந்து சேரும்வரை சாப்பாட்டின் ருசியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். அறுபத்து நாலிலிருந்து எண்பத்திரண்டு வரை இரத்தினபுரி மாவட்டத்து ஓப்பநாயக்க கடைவீதியில் ஒரு சைவக்கடையில் மேசை வேலை பார்த்தவன் நான். சில மாதங்கள் அந்த முகத்தைத் தினமும் நூறு பேரிடம் பார்த்தேன். பிறகு அது மறைந்ததையும் பார்த்தேன். மறைய வைத்ததில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால் இதை எழுதுகிறேன்.

என் அப்பா பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலை வேலைக்காரர். எங்கள் குடும்பம் வேதக்காரக் குடும்பம். சைவக்கடைக்கு ஒரு அந்தோணி வேலை கேட்டுப் போனால் என்ன சொல்வார்களோ என்று அம்மா பயந்தாள். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “கை சுத்தமா கழுவத் தெரியுமாங்க?” என்று மட்டும் கேட்டார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பத்தொன்பது வயதுக்காரனை ‘ங்க’ போட்டுப் பேசிய முதல் பெரிய மனிதர் அவர். தண்ணீர் வைப்பது, இலை போடுவது, பரிமாறுவது என்று ஒன்றரை வருடம் போனது. அதற்குப் பிறகு என்னைக் கணக்குச் சொல்ல விட்டார்.

கணக்குச் சொல்வதென்றால் என்னவென்று இப்போது விளக்கித்தான் ஆகவேண்டும். எங்கள் கடையில் சீட்டு இல்லை, புத்தகம் இல்லை. யார் என்ன சாப்பிட்டார்கள் என்பது மேசைக்காரன் மண்டைக்குள் இருக்கும். சாப்பிட்டவர் எழுந்து, பின்னால் போய்க் கைகழுவி, வாசலருகே இருக்கும் கல்லாப் பெட்டிக்கு நடந்து போவார். அவர் அங்கே போய்ச் சேருவதற்குள் நான் நின்ற இடத்திலிருந்தே சத்தம் கொடுக்க வேண்டும். “கறுப்புக் குடை, ஒன்னு பத்து!” “செவப்புச் சேலை அம்மா, எழுவத்தஞ்சு!” சிங்களவர்களுக்குச் சிங்களத்தில். பஸ் நிற்கும் பத்து நிமிடத்தில் முப்பது பேர் எழுந்தாலும் ஒருவர் கணக்கு மற்றவர் தலையில் விழக்கூடாது.

அதற்கு முதலாளி சில விதிகள் வைத்திருந்தார். ஆளின் உடம்பைச் சொல்லி அடையாளம் காட்டக்கூடாது. மொட்டை, நொண்டி, குண்டு என்று ஒரு சொல் வந்தாலும் அன்றே வேலை போய்விடும். உடுத்தியிருப்பதையோ கையில் இருப்பதையோதான் சொல்ல வேண்டும். கிழிந்த சட்டையைக் கிழிந்த சட்டை என்று சொல்லக்கூடாது. நிறத்தைச் சொல்ல வேண்டும். தொகையை மட்டும் சொல்ல வேண்டும். என்ன சாப்பிட்டார், எத்தனை சாப்பிட்டார் என்று ஊருக்கு அறிவிக்கக்கூடாது. “நாலு தோசை தின்னாரா, நாப்பது தோசை தின்னாராங்கிறது அவருக்கும் நமக்கும்தான் தெரியணும்” என்பார்.

சுப்பையா முதலாளி குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தோள்துண்டால் துடைப்பார். அதிகக் கோபம் என்றால் இரண்டு தடவை துடைப்பார். காலையில் சாம்பாரை நின்றபடியே ஒரு கிண்ணத்தில் வாங்கிக் குடித்துவிட்டு “ம்” என்பார். அந்த ஒரு எழுத்துக்காகச் சமையல்காரர் அடுப்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். யாரையும் அவர் புகழ்ந்ததில்லை. ஆனால் இலையை மடித்துவிட்டு எழும் ஒவ்வொருவரையும், அவர் கங்காணியாக இருந்தாலும் குழி தோண்டும் கூலியாக இருந்தாலும், “திருப்தியாங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் காசை வாங்குவார்.

அறுபத்தெட்டு வாக்கில் பருப்பும் தேங்காயும் செத்தல் மிளகாயும் விலை ஏறிக்கொண்டே போயின. எங்கள் வாசல் விலைப் பலகையில் பகல் சாப்பாடு எழுபத்தைந்து சதம்; நூறு சதம் ஒரு ரூபாய். ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருந்த எதிர்க்கடையிலும் எழுபத்தைந்து. முதலில் விலை ஏற்றுகிறவனுக்குத்தான் அடி என்பதால் இரண்டு கடையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. அந்தச் சமயத்தில் முதலாளியின் தங்கை மகன் கதிரேசன் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தார். படித்தவர், சுறுசுறுப்பானவர். எங்களுக்கு அவர் சின்ன முதலாளி.

அவர் சொன்ன யோசனை கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. “மாமா, பலகையில கை வைக்க வேணாம். அது அப்படியே இருக்கட்டும். சின்னச் சின்னதா மேல போட்டுக்குவோம். ரெண்டு சதம், அஞ்சு சதம். அத யாரு பாக்கப்போறா?”

முதலாளி ஒத்துக்கொண்டார். இலைக்கு இரண்டு சதம் என்று தொடங்கியது. அடுத்த வாரம் அப்பளத்துக்கு ஐந்து சதம். காலையில் தோசைக்கு இரண்டாம் தடவை சட்னி கேட்டால் ஐந்து சதம். அதற்குப் பிறகு கொழும்பிலிருந்து ஒரு மின்விசிறி வந்தது. கடையின் நடுவில் மாட்டினார்கள். அதற்குக் கீழே இருந்த நான்கு மேசைகளில் உட்கார்ந்தால் தலைக்கு ஐந்து சதம்.

யார் பார்க்கப்போகிறார்கள் என்றார் சின்ன முதலாளி. எல்லோரும் பார்த்தார்கள். பலாங்கொடை பஸ் கண்டக்டர் சோமபால தினம் எங்களிடம் சாப்பிடுகிறவர். விசிறிக் காசு கேட்ட முதல் நாள் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, “ஹுலங்கட்டத் சல்லித?” என்றார். காற்றுக்குமா காசு என்று அர்த்தம். கடை முழுதும் சிரித்தது. அடுத்த நாளிலிருந்து அவர் சுவரோரம் போய் உட்கார்ந்து, தொப்பியால் விசிறிக்கொண்டே சாப்பிட்டார்.

இரத்தினபுரியிலிருந்து வரும் ஒரு கல் வியாபாரி இருந்தார். மடியில் மாணிக்கக் கல்லை வைத்துக்கொண்டு, பத்து ரூபாய்த் தாளைக் கல்லாவில் போட்டுவிட்டுப் போகும் மனிதர். போகும்போது என் கையில் ஐம்பது சதத்தைத் திணிக்காமல் போகமாட்டார். இலைக்கு இரண்டு சதம் என்று கேட்ட அன்றைக்கு அவர் கல்லாவில் நின்று கால்மணி நேரம் வாதாடினார். “இலை இல்லாம சோத்த எங்க போடுவீங்க? என் கையிலயா?” இரண்டு சதத்தைக் கொடுத்தார். எனக்குக் கொடுக்கும் ஐம்பது சதத்தை அன்றோடு நிறுத்திவிட்டார். எனக்கு அவர்மேல் வருத்தமே வரவில்லை. மனமுவந்து கொடுத்துக்கொண்டிருந்தவரின் பைக்குள் நாங்கள் கையை விட்டு எடுத்திருந்தோம்.

ஆனாலும் கல்லா நிறைந்தது. சின்ன முதலாளி சரியாகத்தான் சொன்னார் என்று நாங்களும் நினைக்க ஆரம்பித்தோம்.

அப்படி இருக்கையில்தான் முனியாண்டி வந்தார்.

சம்பளம் போட்ட மறு ஞாயிறு. முதலாளி சாமான் கொள்முதலுக்குக் கொழும்புக்குப் போயிருந்தார். கல்லாவில் சின்ன முதலாளி. முனியாண்டி மேல்மலைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் வேலை செய்பவர், என் வயதுதான் இருக்கும். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பெண்சாதியையும், நிவித்திகல பக்கத்துத் தோட்டத்திலிருந்து முதல் தடவையாக மகளைப் பார்க்க வந்த மாமனார் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை. உள்ளே வரும்போதே, “வாங்க மாமா, இங்கிட்டு உக்காருங்க, காத்து நல்லா வரும்” என்று விசிறிக்குக் கீழே கூட்டிப்போனார். விசிறிக்குக் காசு என்பது அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. மாமனார் முன்னால் அதை எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன்.

நான்கு பேரும் ஆற அமரச் சாப்பிட்டார்கள். மாமனார் ரசத்தை உள்ளங்கையில் வாங்கிக் குடித்தார். “மாப்புள, கடச் சாப்பாடா இது? வூட்டுச் சாப்பாடு மாதிரில்ல இருக்கு” என்றார். முனியாண்டியின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. நான் கேட்காமலே இன்னொரு அப்பளம் கொண்டுபோய் வைக்கலாமா என்று நினைத்தேன். அதற்கும் காசு என்பதால் வைக்கவில்லை.

அவர்கள் எழுந்தார்கள், கைகழுவினார்கள், நடந்தார்கள். நான் சத்தம் கொடுத்தேன்: “வெள்ளச் சட்ட, நாலு பேரு, மூனு நாப்பத்தெட்டு!”

முனியாண்டி கல்லாவில் மூன்று ரூபாயை நீட்டியபடி நின்றார். நாலு எழுபத்தைந்து மூன்று ரூபாய். வாசலில் பலகையைப் பார்த்துக் கணக்குப் போட்டுத்தான் உள்ளே கூட்டிவந்திருக்கிறார். “அண்ணே, மூனு ரூவா தானுங்களே?” என்றார் என்னைத் திரும்பிப் பார்த்து.

சின்ன முதலாளி விளக்கினார். இலை நாலு, அப்பளம் நாலு, விசிறி நாலு பேருக்கு. மரியாதையாகத்தான் சொன்னார். முனியாண்டி சட்டைப் பையைத் தடவினார். வேட்டி மடியைத் தடவினார். அங்கே வெற்றிலைக்கென்று வைத்திருந்த பத்து சதம் மட்டும்தான் இருந்தது. பின்னால் பஸ்காரர்கள் வரிசையாக நின்றார்கள். “சீக்கிரம்” என்று ஒருவர் சிங்களத்தில் முணுமுணுத்தார். அந்த நேரத்தில் மாமியார் தலையைக் குனிந்துகொண்டு முந்தானை முடிச்சை அவிழ்த்தார். மாமனார் அவரைத் தடுத்துத் தன் மடியிலிருந்து ஐம்பது சதத்தை எடுத்துக் கல்லாவில் வைத்தார். மிச்சம் இரண்டு சதத்தைச் சின்ன முதலாளி திருப்பிக் கொடுத்தார்.

வெளியே போகும் முன் முனியாண்டி என்னிடம் வந்தார். கோபமாகத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “பலகையில எழுதியிருக்கத நம்பித்தானே அண்ணே கூட்டியாந்தேன். மொதமொதல்ல எங்க மாமனாரக் கூட்டியாந்தேன்” என்றார். கறிவேப்பிலை போல வதங்கிப்போன அந்தப் புதுப்பெண்ணின் முகம் இன்றும் எனக்குத் தெரிகிறது. எல்லோர் காதிலும் விழும்படி மூன்று நாற்பத்தெட்டு என்று கத்தியது என் தொண்டைதானே?

மறுநாள் காலையில் ஒரு முடிவோடு கடைக்குப் போனேன். முதலாளி இன்னும் திரும்பவில்லை. இடுப்பில் பச்சைச் சாரம் கட்டிய முதல் ஆள் எழுந்து நடந்தார். நான் அதுவரை கொடுத்த சத்தத்தைவிட இரண்டு மடங்கு சத்தத்தில் சொன்னேன்:

“பச்சச் சாரம்! தோச முப்பது, எல ரெண்டு, ரெண்டாவது சட்னி அஞ்சு, காத்து அஞ்சு! ஆக நாப்பத்திரெண்டு!”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தலை தூக்கிப் பார்த்தார்கள். பிறகு சிரிப்பு வெடித்தது. அடுத்தவருக்குச் சிங்களத்தில் அதேபோல ஒவ்வொன்றாகச் சொன்னேன். “கொலேட்ட தெகாய், ஹுலங்கட்ட பஹாய்!” இலைக்கு இரண்டு, காற்றுக்கு ஐந்து. சோமபால மேசையில் தட்டிச் சிரித்தார். சின்ன முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். “என்னா அந்தோணி இது? தொகைய மட்டும்தான் சொல்லணும்னு மாமா சொல்லலியா?”

“சொன்னாருங்க. அவரு சொன்னப்ப எலைக்குக் காசு இல்லீங்க.”

“நிப்பாட்டப் போறியா இல்லியா?”

“முதலாளி வந்து நிப்பாட்டச் சொன்னா நிப்பாட்டுறேங்க.”

நான் துணிச்சல்காரன் அல்ல. வீட்டில் அப்பாவுக்கு நெஞ்சுவலி, இரண்டு தங்கைகள். இந்த வேலை போனால் தோட்டத்தில் பெயர் பதிய வேண்டியதுதான். ஆனால் அன்று மத்தியானத்துக்குள் நடந்த ஒன்றைக் கவனித்தேன். விசிறிக்குக் கீழே ஒருவரும் உட்காரவில்லை. நான்கு மேசையும் காலி. சுவரோரம் ஆட்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். விசிறி யாருக்கும் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

முதலாளி மறுநாள் வந்தார். நான் கணக்குச் சொல்வதைக் கல்லாவில் உட்கார்ந்து கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டார். மறுபடியும் கழற்றித் துடைத்தார். பகல் கூட்டம் கலைந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

“என்னாங்க அந்தோணி, வேல வேணாமா?”

“வேணுங்க முதலாளி.”

“அப்பறம் ஏன் கடையப் பாத்து ஊரு சிரிக்கும்படி பண்ணுறீங்க?”

முனியாண்டி கதையைச் சொன்னேன். சின்ன முதலாளி பக்கத்திலேயே நின்றார். அவர் பக்க நியாயத்தையும் சொன்னார். “பருப்பு என்ன வில விக்கிதுன்னு இவனுக்குத் தெரியுமா மாமா? நாம திருடலியே. எல்லாம் நாயமான செலவு.” அதுவும் பொய்யில்லை. முதலாளி இருவர் பேச்சையும் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். என் வேலை இருக்கிறதா, போய்விட்டதா என்றே தெரியவில்லை.

அடுத்த நாள் பகல் கூட்டம் உச்சத்தில் இருந்தபோது முதலாளி வாசல் வழியாக உள்ளே வந்தார். பின்வாசலால் வருகிறவர் அன்று முன்வாசலால் வந்தார். விசிறிக்குக் கீழே காலியாகக் கிடந்த மேசையில் போய் உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, “ஒரு சாப்பாடு” என்றார்.

நான் இலை போட்டேன். அவர் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். சோறு, பருப்பு, இரண்டு கறி, அப்பளம். ஒரு வாடிக்கைக்காரர் எப்படிச் சாப்பிடுவாரோ அப்படி நிதானமாகச் சாப்பிட்டார். கடையில் இருந்தவர்கள் சாப்பிடுவதை விட்டுவிட்டு அவரையே பார்த்தார்கள். ரசம் குடித்து, இலையை மடித்து, பின்னால் போய்க் கைகழுவினார். பிறகு கல்லாவை நோக்கி நடக்க ஆரம்பித்தார். அங்கே சின்ன முதலாளி எழுந்து நின்றார்.

முதலாளிக்கே எப்படிக் கணக்குச் சொல்வதென்று நான் தயங்கினேன். முதலாளி பாதி வழியில் நின்று திரும்பினார். “கணக்குச் சொல்லுங்க அந்தோணி.”

நான் சொன்னேன்: “நீலக் கரத் துண்டு! சாப்பாடு எழுவத்தஞ்சு, எல ரெண்டு, அப்பளம் அஞ்சு, காத்து அஞ்சு! ஆக எம்பத்தேழு!”

அவர் மடியிலிருந்து எழுபத்தைந்து சதத்தை எடுத்துக் கல்லாமேல் வைத்தார். பிறகு மீதிக்காகத் துழாவினார். பத்து சதக் குற்றி ஒன்று கிடைத்தது. இரண்டு சதத்துக்காக மறுபடி துழாவினார். கடை முழுதும் பார்த்துக்கொண்டிருக்க, சுப்பையா முதலாளி தன் சொந்தக் கல்லாவின் முன்னால் இரண்டு சதத்துக்கு மடியை உதறிக்கொண்டு நின்றார். கடைசியில் கிடைத்தது. வைத்தார். வைத்துவிட்டு அந்தச் சில்லறையைப் பார்த்தார்.

“கதிரேசா,” என்றார். “எழுவத்தஞ்ச வைக்கிறப்ப ஒன்னும் தெரியல. சாப்பாடு நல்லாருந்துச்சு, குடுத்தேன். இந்தப் பன்னெண்ட எடுக்கிறப்பதான் யாரோ மடியில கைய வுட்ட மாதிரி இருக்கு. சாப்புட்ட ருசியே போயிருச்சு.”

முதலாளி சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். பலகையில் எழுபத்தைந்தைத் துடைத்துவிட்டு எண்பத்தைந்து என்று எழுதினார். கீழே என்ன எழுதுவதென்று யோசித்துவிட்டுச் சாக்குக்கட்டியை என்னிடம் நீட்டினார். “எழுத்து எனக்குக் கோணலா வரும். நீங்க எழுதுங்க.” நான் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினேன்: இதற்கு மேல் ஒரு சதமும் இல்லை.

எழுதி முடித்துவிட்டு எதிர்க்கடையைப் பார்த்தேன். அங்கே பலகையில் இன்னும் எழுபத்தைந்துதான் இருந்தது. அவர்களும் எங்களைப் பார்த்து இலைக்கும் அப்பளத்துக்கும் வாங்கத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் ரோட்டில் போகிறவனுக்குத் தெரிவது பலகை மட்டும்தான். அந்த வாரம் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் இரண்டு பலகையையும் பார்த்துவிட்டு அந்தப்பக்கம் போனார்கள். மேல்மலைத் தோட்டத்திலிருந்து ஒரு குஞ்சுகூட எங்கள் வாசல் மிதிக்கவில்லை. முனியாண்டி பட்ட அவமானம் தொழிலாளர் வரிசை வீடுகளில் லயம் லயமாகப் பரவியிருந்தது. சின்ன முதலாளி காலி மேசைகளைப் பார்த்தாரே தவிர என்னைக் குத்திக்காட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் குணத்துக்காகவே எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது.

இரண்டு வாரம் பார்த்தேன். பிறகு முதலாளியிடம் அரைநாள் விடுப்புக் கேட்டு, விடியற்காலையில் மேல்மலைத் தோட்டத்துக்கு ஏறிப்போனேன். பெரட்டுக் களத்தில், அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்க ஆட்கள் கூடைகளோடு கூடியிருந்தார்கள். பெரிய கங்காணியிடம் போய், “ஒரு நிமிசம் பேசிக்கிறேங்க” என்றேன். என்னைத் தெரிந்தவர் என்பதால் தலையாட்டினார்.

நான் கணக்குச் சொல்லும் குரலில் சொன்னேன். “ஓப்பநாயக்க சைவக்கட அந்தோணி பேசுறேங்க! உங்க தோட்டத்து முனியாண்டி அண்ணனையும் அவரு மாமனாரு வூட்டையும் எங்க கடையில தலகுனிய வச்சோம். தப்பு எங்களோடது! நான்தான் கத்துனேன், நான்தான் மன்னிப்புக் கேக்குறேன்! இப்ப சாப்பாடு எம்பத்தஞ்சு சதம். எல, அப்பளம், காத்து எல்லாம் அதுக்குள்ள. ஒரு சதம் கூடக் கேட்டா என் மொகத்துல துப்புங்க!”

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. முனியாண்டி கூட்டத்தின் நடுவில் இருந்தார். அவர் சிரிக்கவில்லை. அருகில் வந்து, “எதுக்குண்ணே இம்புட்டுத் தூரம் ஏறி வந்தீங்க?” என்று மட்டும் கேட்டார். “நீங்க எறங்கி வரலியே” என்றேன். அவர் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். வருவாரா மாட்டாரா என்று ஒன்றும் விளங்கவில்லை.

அடுத்த சம்பளம் போட்ட ஞாயிறு நான் மாதா கோயில் பூசைக்குப் போகவில்லை. கடை வாசலில் நின்றேன். பத்து மணி வரைக்கும் ஆளில்லை. பதினொரு மணிக்கு மேல்மலைப் பாதை வளைவில் ஒரு கூட்டம் தெரிந்தது. முதலில் வெள்ளைச் சட்டைதான் தெரிந்தது. முனியாண்டிக்குப் பக்கத்தில் அவர் பெண்சாதி, பின்னால் மாமனார், மாமியார், அவர்களுக்குப் பின்னால் இருபது முப்பது பேர். ரோட்டுக்கு வந்ததும் எதிர்க்கடைக்காரர் வாசலுக்கு வந்து “வாங்க வாங்க” என்றார். அவர்கள் இந்தப்பக்கம் திரும்பினார்கள்.

மாமனார் பலகையின் முன் நின்று எழுத்துக்கூட்டி வாசித்தார். “ஒரு சதமும் இல்ல. அப்ப சரி” என்றார். நேரே விசிறிக்குக் கீழே போய் உட்கார்ந்தார். அன்றைக்கு அந்த மனிதர் நான்கு தடவை ரசம் வாங்கிக் குடித்தார். அப்பளம் எத்தனை என்று நான் எண்ணவில்லை. எண்ண வேண்டியும் இருக்கவில்லை. அந்தச் சுகம் எனக்கு அன்றுதான் விளங்கியது. மேசைக்காரனுக்கும் அது ஒரு விடுதலை.

அவர்கள் எழுந்தபோது கடை நிறைந்திருந்தது. சுவரோரமும் ஆள், விசிறிக்குக் கீழேயும் ஆள், வாசலில் காத்திருப்பவர்கள் வேறு. “வெள்ளச் சட்ட, நாலு பேரு, மூனு நாப்பது!” என்றேன். முனியாண்டி சரியாக மூன்று ரூபாய் நாற்பது சதத்தைக் கையிலேயே எண்ணி வைத்திருந்தார். எல்லோரும் பார்க்க ஒவ்வொன்றாகக் கல்லாவில் வைத்தார். முதலாளி, “திருப்தியாங்க?” என்று கேட்டார். அவர் மாமனாரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “திருப்திங்க” என்றார். சமையல்காரர் சோறு தீர்ந்துவிட்டதென்று சொல்லி அடுப்படியிலிருந்து தலையை நீட்டியபோது மணி ஒன்றரைகூட ஆகவில்லை. எங்கள் கடையில் ஞாயிறு பகலில் சோறு தீர்ந்துபோனது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு எழுபதுகளில் சீனித் தட்டுப்பாடு வந்தது. பல கடைகளில் பால் விடாத பிளேன்டீக்கு ஒரு விலை, அதில் சீனி போட வேறொரு விலை. சின்ன முதலாளிதான் அப்போது கடையைப் பார்த்துக்கொண்டார். அவரே சொன்னார்: “சீனி இருந்தா சீனி, இல்லாட்டி கையில ஒரு துண்டுக் கருப்பட்டி. எது குடுத்தாலும் பலகையில உள்ள இருவது சதம்தான்.” எங்கள் கடையில் கூட்டம் குறையாமல் இருந்தது சிலருக்குப் பொறுக்கவில்லை போலும். நாங்கள் சீனிக்கு மறைவாகக் காசு வாங்குகிறோம் என்று யாரோ பெயர் போடாமல் மேலிடத்துக்கு ஒரு மொட்டைப் பெட்டிசம் எழுதிப் போட்டார்கள்.

ஒரு நாள் காலை, காற்சட்டை போட்ட ஒருவர் வந்து பிளேன்டீ குடித்தார். குடித்துவிட்டு எழுந்து தன் அட்டையைக் காட்டினார். விலைக் கட்டுப்பாட்டு அதிகாரி. சின்ன முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. அதிகாரி எங்களிடம் எதையும் கேட்கவில்லை. கடைக்குள் திரும்பி, டீ குடித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார்: “மேக்கட்ட கீயத கன்னே?” இதற்கு எவ்வளவு வாங்குகிறார்கள்?

“இருவது சதம்!” என்று தோட்டத்து ஆட்கள் சொன்னார்கள். “சத விஸ்ஸய்!” என்று கிராமத்து ஆட்கள் சொன்னார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் எழுந்தன. “சீனிக்கு?” என்றார் அதிகாரி. கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டிருந்த ஒரு கிழவி பலகையைக் கை காட்டினாள். அதிகாரி வெளியே போய் இரண்டு மொழியிலும் வாசித்துவிட்டு வந்தார். இருபது சதத்தைக் கல்லாவில் வைத்தார். குறிப்புப் புத்தகத்தைத் திறக்காமலே பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

இதை எதிர்க்கடைக்காரர் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதக் கடைசியில் அவருடைய பலகையைக் கழுவிப் புதிதாக எழுதினார்கள். அதன் கீழே எங்கள் வாசகம் அப்படியே இருந்தது, ஒரு எழுத்துப் பிழையோடு.

நான் ஒரு காலை விடுப்பு எடுத்துக்கொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, ரோட்டைக் கடந்து அவர் கடைக்குப் போனேன். அவர் என்னைக் கண்டதும் முதலில் திகைத்தார். பிறகு சிரித்துவிட்டார். “வாய்யா அந்தோணி. பயப்படாம உக்காரு, எலைக்கெல்லாம் காசு இல்ல.”

மூன்று தோசை சாப்பிட்டேன். சட்னி இரண்டு தடவை கேட்டு வாங்கினேன். எழுந்து கைகழுவிக் கல்லாவுக்கு நடந்தபோது பின்னாலிருந்து அவர்களுடைய மேசைக்காரன் என் கணக்கைச் சொன்னான். பலகையில் இருந்த தொகைதான். சட்னியில் உப்புக் கொஞ்சம் கூடுதல். அதை அவரிடம் சொல்லாமல் காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.